மச்சான் அடிக்காத மண்டையோடு

கண்குழியின் ஏழு எலும்புகளையும் கண்ணை மூடிக்கொண்டே அடுக்கத் தெரிந்தவரே! கடைசி வரிசையில் கொட்டாவி விட்டவரையும் கண்நரம்புகளைக் கனவில் உளற வைத்தவரே! 'ஏழெலும்பு மேடம்' என்று மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் காதில் விழுந்தபோது, "நல்லவேளை, எண்ணிக்கையாவது சரியா இருக்கு" என்று மகிழ்ந்தவரே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்களை மேய்த்து இன்று ஓய்வு பெறும் உடற்கூறியல் துறைத் தலைவியே, வணக்கம்!

துறை மாடிப்படியில் யாராவது தடுக்கி விழுந்தால் ஊரே "அடிபட்டுச்சா?" என்று கேட்கும். நீங்கள் மட்டும் "படி ரெண்டு ரெண்டா தெரிஞ்சுதா?" என்பீர்கள். கீழ்நோக்கிப் பார்க்க உதவும் நான்காம் நரம்பு நலிந்தால் படிகள் இரட்டையாகத் தெரியும் என்பது இங்கே வாசல் காவலர்வரை அத்துப்படி. ஒரு கூட்டத்தில் கல்லூரி முதல்வர் கண்ணயர்ந்தபோது, "இமையைத் தூக்குறது மூணாம் நரம்பு. சாருக்கு அது லீவு போட்டிருக்கு" என்று என் காதில் சொன்னீர்கள். முன்னாலிருந்த மைக் அணைக்கப்படவில்லை. மேடையிலிருக்கும் முதல்வர் அவர்கள் அன்றுமுதல் எல்லாக் கூட்டங்களிலும் விழித்திருக்கிறார்.

இனி 'நாங்கள்' சற்று ஒதுங்கி நிற்கட்டும். இம்மடலை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக விழுங்கி வைத்திருப்பதைச் சொல்ல எனக்கு வேறு மேடை கிடைக்கப்போவதில்லை.

அப்போது நான் பயிற்றுநராகச் சேர்ந்து நான்கு மாதம். வேலை நிரந்தரமாகவில்லை. கண்குழி குறையின்றி இருந்த மண்டையோடு துறையில் ஒன்றே ஒன்றுதான். நரம்புகள் நுழையும் பிளவை மாணவர்களுக்கு எப்படிக் காட்டுவது என்று, அதன் கண்குழிக்குள் பென்சிலை விட்டு ஒத்திகை பார்த்தேன். உட்சுவர் காகிதம்போல மெல்லியது என்று படித்திருந்தேன். 'பட்' என்றது. படித்தது சரிதான். மண்டையோட்டைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் வகுப்பில் அதைத் தூக்கிக் காட்டினீர்கள். ஓட்டை எல்லோர் கண்ணிலும் பட்டது. எலும்பு அறைப் பொறுப்பாளர் பதறினார்: "மேடம், சத்தியமா நான் இல்ல! தூசியைக்கூட வாயால ஊதித்தான் எடுப்பேன்!"

அவரைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "உங்களை யாருங்க சொன்னது? இந்தாளு உயிரோட இருக்கறப்ப மச்சான்கிட்ட வாங்கின குத்து இது. நம்ம கண்ணுலதான் இவ்வளவு நாளா படலை" என்றீர்கள். வகுப்பு சிரித்தது. நான் எல்லோரையும்விட ஒரு விநாடி கூடுதலாகச் சிரித்தேன்.

அன்றிலிருந்து அது 'மச்சான் மண்டை'. "உட்சுவர் முறிவுக்கு முதன்மைக் காரணம்: மச்சான்" என்று தேர்வில் எழுதி அரை மதிப்பெண் பெற்றவரும் உண்டு. ஆண்டுதோறும் அந்த வகுப்பில் கதவோரம் நிற்பேன். இல்லாத ஒரு மனிதன்மேல் பழி விழும், உறுத்துவது எனக்கு. இரண்டு முறை உண்மையைச் சொல்ல உங்கள் அறைக் கதவைத் தட்டினேன். இரண்டு முறையும் விடுப்பு விண்ணப்பம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வேலை நிரந்தரமான பிறகும் வாய் வரவில்லை. என் பயம் வேலையைப் பற்றியதே அல்ல என்று அப்போதுதான் புரிந்தது. நீங்கள் என்னைப் பார்க்கும் விதம் மாறிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே அவையறியச் சொல்கிறேன்: குத்தியது மச்சான் அல்ல. எச்.பி. பென்சிலோடு நான்.

மடல் இங்கே வாழ்த்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் துறையிலிருந்து வெளியே போகும் எந்தத் தாளும் உங்கள் சிவப்பு மைக்குத் தப்பியதில்லை. "பாராட்டுங்க, திட்டுங்க, ஆனா ஒற்றுப்பிழை இருக்கக் கூடாது" என்று நேற்று இதையும் பிடுங்கிக்கொண்டு போனீர்கள். இன்று காலை திருப்பித் தந்தபோது மூன்று ஒற்று ஏறியிருந்தது. 'எச்.பி.' அடிக்கப்பட்டு, மேலே '2பி' என்றிருந்தது. ஓரத்தில் இப்படி:

"பென்சில் முனை உடைஞ்சு உள்ளேயே கிடந்துச்சு. வகுப்புக்கு முன்னாடியே எடுத்துட்டேன். அந்தப் பென்சில்ல எழுதுறது இங்க நீ ஒருத்திதான். சுவர் உடையறதாலதான் குத்து வாங்கினவன் கண்ணு தப்பிக்குது. பாடத்துல தப்பில்லை. மன்னிப்புக் கேக்கணும்னா மச்சான்கிட்ட கேளு."

கூடவே ஓர் உறை. உள்ளே கடுகளவு கறுப்பு முனை.

மேடம், மூன்றாம் நரம்பு உங்கள் இமைகளை இனி உங்களுக்குத் தோன்றும் நேரத்தில் மட்டும் தூக்கட்டும்! நான்காம் நரம்பு நலமாயிருந்து, இறங்கும் படிகளெல்லாம் ஒவ்வொன்றாகவே தெரியட்டும்! கண்ணை வெளிப்புறம் திருப்பும் ஆறாம் நரம்பு, கல்லூரிக்கு வெளியேயும் உலகம் உண்டென்று காட்டட்டும்! நெடுங்காலம் நோயின்றி இருந்து, எங்கள் தாள்களைத் திருத்திக்கொண்டே இருங்கள்!

சிவப்பு மை பட்ட தாளையே, மிச்சத்தைக் கீழே எழுதிச் சட்டமிட்டிருக்கிறோம். முனையை மட்டும் திருப்பித் தரமாட்டேன்.

என்றும் உங்கள்,
உடற்கூறியல் துறையினர்
(2பி பென்சில்காரி உட்பட, மச்சான் நீங்கலாக)