சிப்பிச் சக்களத்தி

— அதை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க தம்பி. மீனு, மோட்டாரு, எது வேணும்னாலும் தூக்கிட்டுப் போங்க. அந்தச் சிப்பி இந்தத் தொட்டியிலயே கெடக்கட்டும்.

— எனக்கென்ன ஆசையா அண்ணி? அக்வேரியத்துல அண்ணன் கூடவே வேலை பார்த்தவன். ‘எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அதை அக்வேரியத்துலயே கொண்டுபோய் விட்டுடுடா’ன்னு அண்ணன்தான் சொல்லுவாரு. நான்தான் ஒரு மாசமா இழுத்தடிச்சுட்டேன். அவர் உக்காருற இந்த நாற்காலி காலியா கெடக்கறதைப் பாக்கத் தெம்பு இல்ல.

— உங்களுக்கு ஒரு நாற்காலி. எனக்கு வீடு பூராவும்.

— இந்தச் சிப்பி மேல அண்ணனுக்கு அப்படி ஒரு பிரியம்.

— ஓடு உடைஞ்சுபோச்சுன்னு அங்க தூக்கிப்போட இருந்ததை, வாளியோட மடியில வச்சுக் கொண்டாந்தாரு. கறுத்துப்போய், சகிக்காது. அப்புறம் பாருங்க, உள்ள இருக்கற சதை மயில் கழுத்துக் கலரு! என் கல்யாணப் புடவையில கூட அந்த நீலம் இல்ல. ஆனா எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

— அது என்ன பண்ணுச்சு உங்களை?

— என் நிழல் பட்டாலே பட்டுனு வாயை மூடிக்கும். அவர் கிட்டப் போனா மட்டும் ஈன்னு திறந்துகிட்டுக் கெடக்கும். சக்களத்தின்னே பேரு வச்சிருந்தேன்.

— அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஆமா அண்ணி, வந்ததுலேருந்து ஏதோ வாடை வருதே?

— கடல் சாமான், வாடை இல்லாம இருக்குமா?

— தொட்டி மேல அந்த நீல லைட்டு ஏன் எரியல?

— அவர் போனதுலேருந்து போடல. கூடத்துல அந்த வெளிச்சம் விழுந்தாலே அவர் உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு. தாங்கல தம்பி. ஆனா தீனிக்கு ஒரு குறையும் வைக்கல. வேளாவேளைக்குப் போட்டுடறேன்.

— ஒரு மாசமாவா? அண்ணி, செடிக்கு வெயில் மாதிரி, அதுக்குச் சாப்பாடே அந்த வெளிச்சம்தான். அண்ணன் சொல்லலையா?

— எங்கிட்டயா? அது பேச்சை எடுத்தாலே சண்டைக்குப் போவேனே, எப்படிச் சொல்லுவாரு? இருந்தாலும் ஒண்ணும் ஆகல. இங்க வந்து பாருங்க. நேத்துலேருந்து என்னைக் கண்டு மூடறதே இல்ல. இதோ, கையை நீட்டறேன். பாத்தீங்களா? என்கிட்டயும் பழகிடுச்சு. இனிமே எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதானே.

— அண்ணி, இப்படி வந்து உக்காருங்க.

— ஏன், என்னாச்சு தம்பி?

— அது... மூடினாத்தான் அண்ணி உசுரோட இருக்குன்னு அர்த்தம்.

— அன்னிக்குக் காலையிலயும் அவர் கண்ணைத் திறந்துகிட்டுத்தான் படுத்திருந்தாரு தம்பி. முழிச்சுட்டாருன்னு நெனச்சு, நான் டீ போடப் போயிட்டேன்.