என் பெயரில் பதிந்த நிலம்

வெறும் தரிசுக்குக் கடன் கொடுக்க வங்கியில் யோசிப்பார்கள். வீடு இருந்தால் தருவார்கள், சம்பளம் இருந்தால் தருவார்கள். கருவேலம் மண்டிக் கிடக்கும் பூமியை நம்பி என்னைப் போல் ஒருவன்தான் தருவான். அன்னவாசல் பக்கம் இன்று வீடுகளாக நிற்கும் மனைகளில் பாதிக்கு முதல் பணம் என்னுடையது. பெருமைக்குச் சொல்லவில்லை சார். பெலிக்ஸ் என்னிடம் ஏன் வந்தான் என்று கேட்டீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

அவன் குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பியவன். அங்கே அடுக்குக் கட்டிலில் படுத்துக் கிடந்தபோது ஒரு யோசனை வந்திருக்கிறது. ஊரில் இரண்டு ஏக்கர் வாங்கி, எட்டுச் சின்ன வீடு கட்டி, தன்னைப் போலத் திரும்பி வருகிறவர்களுக்கு விற்க வேண்டுமாம். லாபம் கொஞ்சம் போதுமாம். அப்படிச் சொல்கிறவனைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். பணத்தின் மேல் மரியாதை இல்லாதவன் அவன்.

சேமிப்பையெல்லாம் போட்டும் நிலத்துக்குப் பாதி விலைதான் தேறியது. மீதியை நான் போட்டேன். கடன் அடையும் வரை பத்திரம் என் பெயரில் இருக்கட்டும், அடைந்ததும் மாற்றித் தருகிறேன் என்றேன். அவன் மனைவி இன்னாசியம்மாள்தான் பதிவு அலுவலக வாசலில் வைத்து, "ஒரு சின்னப் பேப்பராவது எழுதிக்குவோங்க" என்றாள்.

"ரகுநாத் அண்ணங்கிட்டப் போயி பேப்பரு கேப்பாகளா?" என்று பெலிக்ஸ் அவளை அதட்டினான்.

நான் சிரித்தேன். அந்த வீட்டில் மூளை யாரிடம் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இவன் எப்படியும் தடுமாறுவான், நிலம் எனக்கே நிற்கும் என்று நினைத்தேன். அதில்தான் ஏமாந்தேன். எட்டு வீட்டுக்கும் ஆள் பிடித்துவிட்டான். மீமிசலில் இருந்துகூட வந்து முன்பணம் கொடுத்தார்கள். அந்தச் சமயம் பார்த்து அந்தப் பக்கம் பெரிய ரோடு வருகிறது என்று பேச்சுக் கிளம்பி, விலை ஏறிக்கொண்டிருந்தது. அவன் காதில் அது விழவே இல்லை. போன் செய்து, "அண்ணே, ஒங்க காசு ரெடி. திங்கக்கெழம மாத்தி எழுதிரலாங்க" என்றான். தங்கத்தைத் தகர விலைக்கு விற்கப் போகிறவனுக்கு அத்தனை சந்தோஷம்.

மறுநாள் மத்தியானம் என் காரிலேயே இருவரும் நிலத்துக்குப் போனோம். மூலையில் பாழுங்கிணறு ஒன்று, சுற்றுச்சுவர் இல்லாதது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தான்.

"இதத் தூரு வாரிட்டா எட்டு வீட்டுக்கும் தண்ணிக் கவலை இல்லண்ணே."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மண் சரிந்தது. நான் தள்ளவில்லை. என் கை அவன் மேல் படவில்லை.

தண்ணீர் இல்லாத கிணறு. கால் ஒடிந்திருக்க வேண்டும். "கயிறு இருந்தா போடுங்கண்ணே" என்றான். காரில் கயிறு இருந்தது. நான் போய்க் காருக்குள் உட்கார்ந்து ஏசியைப் போட்டேன். அந்த ஏசியைப் போன மாதம் அவன்தான் சரிசெய்து கொடுத்தான், காசு வாங்கவில்லை. கண்ணாடியை ஏற்றியதும் சத்தம் அவ்வளவாகக் கேட்கவில்லை. மேலே மண்ணில் விழுந்து கிடந்த அவன் போனை எடுத்து வைத்திருந்தேன். இன்னாசியம்மாள் கூப்பிட்டாள். போனை அணைத்துவிட்டேன்.

அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற அழகி என்கிற பெண் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள். "கெணத்துக்குள்ள யாரோ கத்துறாகளே?"

"தூரு வார ஆளு எறங்கியிருக்கு. மேல நிக்கிறவனக் கூப்பிடுறான். நீ ஆட்ட அங்கிட்டு ஓட்டிட்டுப் போ."

போய்விட்டாள். நல்ல சட்டை போட்டவன் சொன்னால் நம்பிவிடுகிற பிறவி என்று நினைத்தேன். இப்போது உங்களிடம் வந்து சாட்சி சொன்னது அவள்தான் என்கிறீர்கள். அதை எதிர்பார்க்கவில்லை.

மனை போடும் இடத்தில் கிணற்றைத் திறந்து வைப்பது ஆபத்து. சாயங்காலம் ஜேசிபியை வரவழைத்தேன். ஓட்டி வந்தவன் வெளியூர். காட்டிய இடத்தில் மண்ணைத் தள்ளினான், இறங்கிப் பார்க்கவில்லை. மறுநாள் இன்னாசியம்மாள் வந்து அழுதாள். முன்பணத்தோடு மறுபடி குவைத்துக்கே போயிருப்பான் என்று ஆறுதல் சொல்லி, காப்பி வாங்கிக் கொடுத்தேன். அவள் காப்பியைத் தொடவில்லை.

மண் விழும்போது அவன் உயிரோடு இருந்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இருந்தான் சார். வண்டி வருவதற்குச் சற்று முன்புகூட என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசி வரை நான் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒருவன் வேதனைப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற கல் மனசு எனக்கு எப்போதும் இருந்ததில்லை.