எங்க லயத்து மெம்பரு

இரு யோகராணி, பெட்டியக் கீழ வையி. இப்பிடி இந்த ஸ்டேசன் பெஞ்சில உக்காரு. எங்க வீட்டுக்குப் போக இப்ப என்ன அவசரம்? யாழ்ப்பாணத்துலருந்து றொசல்லைக்கு ரயிலேறி வந்துருக்கே, அதுவும் எதுக்கு, உங்கப்பா எலக்சன் கேக்கப் போறாரு, மேடையில வந்து பேசுடின்னு கூப்பிட. இந்தச் சண்முகவடிவு ஒடனே தலையாட்டிருவான்னு நெனச்சியாக்கும்?

பேசத் தெரியாமலா? யுனிவர்சிட்டியில என்கூட வாதாடி நீ எப்ப ஜெயிச்சே? ஆனா வயிறு எரியுதேடி! பிரதம மந்திரியோட ஒப்பந்தம் போட்டாச்சு, வடக்குலயும் கிழக்குலயும் பிராந்திய சபை வரப்போகுது, ரோடு எங்க போடுறது, பள்ளிக்கூடம் எங்க கட்டுறதுன்னு இனி உங்க ஆளுகளே முடிவு பண்ணுவாங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றே. தோட்டத்து ஆளுக எங்களுக்கு ஓட்டே இல்ல, சுதந்திரம் வந்த கையோட புடுங்கிட்டாங்க. கவர்மெண்டக் கேட்டா, அத அப்புறமா யோசிக்கலாமாம்.

பொறாமையான்னா? ஆமா, பொறாமைதான். மூஞ்சியச் சுருக்காதே.

எங்க ஆளுகளும் பேப்பரு பாத்தாங்கடி. தமிழ் ஆளுகளுக்குச் சபை வருதுன்னு போட்டுருந்துச்சா, நமக்குந்தான்னு நம்பிட்டாங்க. நாங்க வரிசையாக் குடியிருக்குற லயத்து வாசல்ல கூடி, கையத் தூக்கி, எங்கப்பாவ மெம்பராக்கிட்டாங்க. மாலை வேற! தோட்டத்த நடத்துற தொரை பங்களாவுல திருட்டுத்தனமாப் பறிச்ச டேலியாப் பூவு. சிரி, சிரி, நானுந்தான் சிரிச்சேன். ஆனா மனுசன் நடையே மாறிப்போச்சு.

எங்க மாரியம்மனுக்குத் திருவிழா எப்பன்னு தொரைதான் சொல்லணும், தெரியுமா? தேயிலக் கொழுந்து நெறஞ்சு கெடந்தா அம்மன் காத்துக்கிட்டு இருக்கணும். கொறஞ்சாத்தான் தேரு. இந்த வாட்டி அப்பா யாரையும் கேக்கல. ஆடி வெள்ளிக்குத் தேருன்னு தப்படிச்சுத் தோட்டம் பூராவும் சொல்ல வச்சுட்டாரு. மெம்பர் இல்லையா!

அன்னைக்கு, காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துல ஒரு ஈ காக்கா இல்ல. வேலை வாங்குற கண்டாக்கய்யா ஒத்தையா நின்னு, வராத ஆளுகளப் பேரு சொல்லிக் கூப்பிட்டாராம். தேரு ஓடிச்சுடி! அப்பா முன்னால, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, மந்திரி கணக்கா. அந்த ஒரு நாளு எனக்கு உன்மேல பொறாமையே வரல. சத்தியமா.

அப்புறமா? அப்புறம் என்ன, தொரையும் சபை கூட்டுனாரு. அவரு ஒரு ஆளுதான் சபை. வேலைப் பதிவுலருந்து அப்பா பேர வெட்டியாச்சு. வேலை போனா லயத்துக் காம்பராங்குற அந்த ஒத்த ரூமும் போயிரும், அதுதானே தோட்டத்துச் சட்டம்.

ச்சூ, அழுவாதே, எனக்குப் புடிக்காது. அந்தா, பிளாட்பாரத்துக் கடைசியில சாக்கு மூட்டை மேல உக்காந்து சுருட்டுப் புடிக்கிறாரு பாரு, அவருதான் எங்கப்பா. பக்கத்துல அம்மா. விடியக்காலையிலருந்து இங்கனதான் இருக்கோம்.

மேடைக்கு வர்றேன்டி. வராம என்ன? மூணு பேருமா வர்றோம். நல்லாவே பேசுறேன். பேசி எறங்குனதும் இவங்க ரெண்டு பேரும் எங்க போய்ப் படுக்குறதுன்னு மட்டும் இப்பவே சொல்லிரு.