தலைதீபாவளிக்கு வந்த கார்டு

“தலைதீபாவளிக்கு உங்கப்பா போட்ட கார்டு சரியில்ல. இன்னிக்கு நேர்லயே சொல்லிடப்போறேன்.”

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்தில், என் முன் சீட்டுக்காரர் இப்படித் தன் மனைவியிடம் சொன்னார். மற்ற மாப்பிள்ளைகளுக்கு மோதிரம் போடுவார்கள். இவர் கம்ப்யூட்டரில் கேம் ஆட கிராபிக்ஸ் கார்டு கேட்டு வாங்கியிருக்கிறார். நான் வயலைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்துகொண்டேன்.

“என்ன சரியில்ல?”

“கேம் இன்னும் திக்கித் திக்கித்தான் ஓடுது.”

“ரெசல்யூஷனைக் குறைச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தேன். அப்பவும் அதே வேகம்தான்.”

“கார்டுக்கு வேலையைக் குறைச்சும் வேகம் ஏறலன்னா கார்டு மேல குத்தமில்ல. அதுக்கு வேலை அனுப்புற உங்க பிராசசர்தான் கிழடு. புது ரைஸ்மில்லு வச்சுட்டு நெல்லை சைக்கிள்ல கொண்டாந்தா மில்லு சும்மாதான் நிக்கும். கார்டு எங்க வீட்டுச் சீரு, பிராசசர் உங்க வீட்டுது. யாரு வீட்டுச் சாமான் மக்கர் பண்ணுதுன்னு நீங்களே சொல்லுங்க.”

பாபநாசம் தாண்டியதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

“ஆடிச் சீருக்கு பிராசசர் கேட்டா தருவாரா?”

“அதை மாத்துனா அது உக்கார்ற போர்டை மாத்தணும், ரேமை மாத்தணும். இவ்வளவையும் மாத்துறதுக்கு மாப்பிள்ளையவே மாத்திடலாமேன்னு கேப்பாரு.”

அவள் போன் அடித்தது. பேசிவிட்டு, “அப்பா உங்ககிட்ட பேசணுமாம்” என்று அவர் காதில் வைத்தாள்.

“கார்டா மாமா?” என்றார் மாப்பிள்ளை. “பிரமாதமா ஓடுது.”