காரணக் கட்டம்

மின்கட்டணத்தை ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். கடைசி நாள் வரை இழுத்தடித்துவிட்டு, அன்றைக்குப் பார்த்து வங்கியின் செயலி சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று புலம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கட்டியதும் ரசீதைப் படமாகச் சேமித்து, அந்தந்த மாதக் கோப்பில் போட்டுவிடுவேன். பதினைந்து வருடத்தில் எங்கள் வீட்டுக்கு அபராதம் என்று ஒரு காசு வந்ததில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் மேடம், நேற்று நீங்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பொறுப்பில்லாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தீர்கள். நான் சொன்னதை உங்கள் எழுத்தர் தட்டச்சு செய்து நீட்டினார். அதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. பிழையுள்ள தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பார்சல் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக ரசீது சரிபார்க்கிறவள் நான். அதனால்தான் வெள்ளைத்தாள் கேட்டேன். நானே எழுதித் தருகிறேன், பிழை எது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொன்று. என் எதிரிலேயே உங்கள் போனை நான்கு முறை திறந்தீர்கள். நான்கு முறையும் நீங்கள் போட்ட ரகசிய எண் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இங்கே வந்து போகிறவர்கள் யார் யார் என்பது உங்களுக்கே தெரியும். முதலில் அதை மாற்றுங்கள்.

என் தங்கையை வீட்டில் சில்லறை என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் அவள் நடந்த வழியெல்லாம் பாவாடைப் பையிலிருந்து காசு விழுந்துகொண்டே வரும். பின்னாலேயே பொறுக்கிக்கொண்டு போவது என் வேலை. அம்மா போனபோது அவளுக்குப் பத்து வயது, எனக்கு இருபத்திரண்டு. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். மூன்றாவது மாடியில் ஒரு படுக்கையறை வீடு, இரண்டு கட்டில், நடுவில் ஒரு மேசைவிசிறி. என்னைப் பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். தங்கச்சியை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார்கள். அவர்களைக் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். அவளுக்குச் சிறுவயதிலிருந்தே இழுப்பு. மார்பு விசில் அடிக்க ஆரம்பித்தால் எழுந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் உங்கள் தாளில் எங்கேயும் காணோம்.

படித்து முடித்து அவள் ஒரு துணிக்கடையில் அளவெடுத்துத் தைக்கும் பிரிவில் சேர்ந்தாள். சம்பளம் அவள் கணக்குக்கு வரும், எப்படிப் போகும் என்று அவளுக்கே தெரியாது. ஆனாலும் ஆறு வருடத்தில் எப்படியோ ஒரு தொகை சேர்த்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் மாலை, அந்தச் சேமிப்பு மொத்தமும் காணாமல் போனது. போனும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, பணத்தக் காணோம்."

"ஏதாவது லிங்க்கை அழுத்தினியா?"

"இல்லக்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"பார்சல் வந்திருக்குன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு. அத அழுத்தினேனா இல்லையான்னு..."

"அழுத்தியிருப்ப."

"அழுத்தியிருப்பேன்" என்றாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாளிடம் அவள் அதைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் நின்று அழுத்தினாள், திரை எப்படி வெள்ளையாகப் போனது, எல்லாம் சொன்னாள். நான் அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். வங்கியில் பேசிப் பார்த்தேன், போனது போனதுதான் என்கிறார்கள் என்று சொன்னேன். இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என் மடியில் தலைவைத்து அழுதாள். "இனிமே எல்லாத்தையும் நீயே பாத்துக்கோக்கா, எனக்குத் துப்பில்ல" என்றாள். அவளாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

அப்போதுதான் குடும்பக் கணக்குக்கு மாற்றினேன். அதைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நேற்று நீங்கள் அதை ஏதோ சிறைச்சாலை மாதிரிப் பேசினீர்கள். வங்கியே தருகிற வசதி அது. பொறுப்பான ஒருவர் பிரதானம், இன்னொருவர் சார்ந்தவர். சார்ந்தவர் எங்கே எதற்குப் பணம் செலுத்தினாலும் பிரதானத்தின் போனுக்கு ஒரு கோரிக்கை வரும். கடை பெயர், தொகை, கீழே காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம். 'அனுமதி' என்று பச்சையில் ஒரு பொத்தான், 'மறு' என்று சிவப்பில் ஒன்று. இரண்டையும் தொடாவிட்டால் பத்து நிமிடத்தில் கோரிக்கை காலாவதியாகிவிடும். அவள் சம்பளம் அந்தக் கணக்குக்கே வந்தது. அவள் போனில் இருப்பு தெரியாதபடி வைத்தேன். இருப்பைப் பார்த்தால்தானே செலவு செய்யத் தோன்றும். ரொக்கம் கொடுப்பதையும் நிறுத்தினேன். சில்லறையின் கையில் ரொக்கம் தங்காது.

எங்கள் ஆபீசில் வேலை நேரத்தில் போன் பேசக் கூடாது. மேசையில் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளலாம். அதனால் வீட்டில் ஒரு விதி வைத்தேன். பணத்துக்காக என்னைக் கூப்பிடாதே, எதுவானாலும் காரணக் கட்டத்தில் எழுது. அவளுக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது. 'காரணம்: ஐஸ்கிரீம், மன்னிச்சிடு' என்று வரும். 'காரணம்: செருப்பு அறுந்து ஒத்தக் கால்ல நிக்கறேன்' என்று வரும். ரசீதுக் கட்டுகளுக்கு நடுவில் அதைப் படித்து நான் சிரித்தது உண்டு. மூன்று வருடத்தில் எண்ணூற்றுச் சொச்சம் கோரிக்கை. பெரும்பாலும் அனுமதித்திருக்கிறேன். அதை உங்கள் எழுத்தர் எழுதவில்லை.

பிறகு காரணங்கள் மாறின. இரண்டு டீ. இரண்டு பஸ் டிக்கெட். ஆம்பளைச் சட்டைக்குத் துணி, காரணம்: 'கடையில கழிவு விலை'. யார் என்று விசாரித்தேன். அவள் வேலை செய்யும் கடையில் லிஃப்ட் பழுது பார்க்க வருகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து என் எதிரில் உட்கார்ந்தான். மேசைமேல் வைத்த அவன் போனில் மூன்று கடன் செயலிகள் இருந்ததைப் பார்த்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஒரு விஷயம் கேக்கலாமா அக்கா? அவங்க சம்பாதிக்கறத அவங்களே வெச்சிக்கட்டுமே" என்றான். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

போன வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பெரிய தொகைக்குக் கோரிக்கை வந்தது. பெறுபவர் ஒரு வீட்டுத் தரகர். காரணக் கட்டம் காலி. மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் காலி. மறுத்தேன். சாயங்காலம் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து கேட்டாள்.

"ரூம் அட்வான்ஸ் கேட்டிருந்தேனே அக்கா."

"காரணம் எழுதல."

"எழுதியிருந்தா குடுத்திருப்பியா?"

"யோசிச்சிருப்பேன்."

"என் சம்பளம்க்கா அது." குரலை உயர்த்தவில்லை. "திங்கக்கிழமை லீவு போட்டுட்டு பேங்குக்குப் போறேன். எனக்குன்னு தனியா ஒரு கணக்கு ஆரம்பிக்கணும். அப்ப தொலைஞ்ச பணத்தப் பத்தியும் ஒரு தடவை கேக்கறேன். எங்க போச்சுன்னு பேங்குல கட்டாயம் பதிவு இருக்கும்னு அவரு சொல்றாரு."

அவரு என்றாள். எனக்கு அவன், அவளுக்கு அவரு.

பதிவு இருக்கும்தான். ஏனென்றால் அந்தப் பணம் எங்கேயும் போகவில்லை. இதை நீங்கள் கண்டுபிடித்துவிட்டதாக நேற்றுப் பெருமையாகச் சொன்னீர்கள், நானே சொல்லியிருப்பேன். பணம் காணாமல் போன அன்று அவள் குளிக்கப் போயிருந்தாள். அவள் போனின் ரகசிய எண் என் பிறந்த தேதி. அதே செயலியில் வைப்புத்தொகை என்ற பொத்தானை அழுத்தி, ஐந்து வருடத்துக்கு அவள் பெயரிலேயே போட்டேன். உறுதிப்படுத்த ஒரு எண் வந்தது, போட்டேன், வந்த செய்தியை அழித்தேன். அவள் தலை துவட்டிக்கொண்டு வெளியே வரும்போது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் பணம், அவள் பெயர், சேமிப்புக் கணக்கைவிட இரண்டு மடங்கு வட்டி. இது எந்த ஊர்த் திருட்டு?

அவளுக்குச் சேமிக்கத் தெரியாது, பயப்படத் தெரியும். பயத்தைக் கொடுத்தேன், சேமிப்பு தானாக வந்தது. திங்கட்கிழமை வங்கிக்குப் போனால் ஒரு குமாஸ்தா கணினியைத் திருப்பி அவளிடம் காட்டிவிடுவான். அவள் வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்ப்பாள். எனக்கு அதைத்தான் தாங்க முடியாது என்று தோன்றியது. நான் செய்ததற்குக் காரணம் அதுதான் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். இழுப்புக்கு அவள் உறிஞ்சும் இன்ஹேலரின் முதுகில் ஒரு சின்ன எண் இருக்கும், இன்னும் எத்தனை முறை மருந்து வரும் என்று. குளியலறை அலமாரியில் அதைத் தினமும் காலையில் பார்ப்பது என் வழக்கம். பத்துக்குக் கீழே வந்தால் புதியதை வாங்கிவைத்து, பூஜ்யமானதும் அதைப் பக்கத்தில் வைத்துவிடுவேன். அன்று காலை எண் பூஜ்யம். புதியது என் கைப்பையில் இருந்தது. வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்லி வக்கீல் சொல்கிறார். நான் எதையும் மறப்பதில்லை என்று என்னோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் சாட்சி சொல்வார்கள்.

என் திட்டம் எளிமையானது. அவள் கடையிலிருந்து மருந்துக்கடைக்குப் போவாள், கோரிக்கை அனுப்புவாள், நான் மறுப்பேன். மருந்துக்கடையிலிருந்து என் ஆபீஸ் இரண்டு தெரு. நேரில் வந்து நிற்பாள். அக்கா, தப்பு பண்ணிட்டேன் என்பாள். கைப்பையைத் திறந்து கொடுப்பேன். திங்கட்கிழமைப் பேச்சு அதோடு முடிந்திருக்கும். இதில் அவளைக் கொல்வது எங்கே வருகிறது?

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு முதல் கோரிக்கை. காரணம்: இன்ஹேலர். மறுத்தேன். ஐம்பத்தேழுக்கு இரண்டாவது. 'அக்கா காலியாயிடுச்சு'. மறுத்தேன். பன்னிரண்டு மூன்றுக்கு, 'கோவமா? ப்ளீஸ்'. மறுத்தேன். பன்னிரண்டு எட்டுக்கு, 'மூச்சு முடியல'. அவள் கொஞ்சம் மிகைப்படுத்திப் பேசுகிறவள். மறுத்தேன். எதிர் மேசைக்காரர், "என்ன மேடம், போன் மினுக்கு மினுக்குங்குதே" என்று கேட்டார். வீட்டு விஷயம் என்றேன்.

மருந்துக்கடைக்காரர் கொடுத்த வாக்குமூலத்தை நேற்று நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். இரண்டாவது முறை பணம் போகாதபோதே, "அப்புறம் குடும்மா, எடுத்துட்டுப் போ" என்று அவர் மருந்தை நீட்டியிருக்கிறார். அவள் வாங்கவில்லையாம். "கடன் சொன்னா எங்கக்காவுக்குப் பிடிக்காது. இப்ப அனுப்பிடுவாங்க" என்றாளாம். அவருக்குக் கூட்டம் வந்திருக்கிறது. இவள் வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறாள். யாரோ கத்திய பிறகுதான் கடைக்காரர் மருந்தை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். அதை வாசிக்கும்போது உங்கள் குரல் தடுமாறியது. எனக்கு, மறைக்காமல் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. ஒருவரிடமும் கடன் சொல்லாத பெண்ணாக வளர்த்திருக்கிறேன்.

லிஃப்ட்காரன் மருத்துவமனை வாசலில் என் காலருகே காறித் துப்பினான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு அவசியமில்லை. வைப்புத்தொகையில் வாரிசு என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது, அவன் பெயர் இல்லை. அந்தப் பணத்தை நான் தொடப்போவதுமில்லை.

இப்போது உங்கள் பிழைக்கு வருகிறேன். இரண்டாம் பக்கம், ஏழாவது வரி. 'தங்கையின் கோரிக்கையை ஐந்து முறை மறுத்தார்' என்று இருக்கிறது.

ஐந்தாவது கோரிக்கை பன்னிரண்டு பதினான்குக்கு வந்தது. கட்டம் காலி. ஒரு எழுத்துகூட இல்லை. காரணம் இல்லாத கோரிக்கைகளை நான் எப்படிப் பார்ப்பேன் என்று அவளுக்குத் தெரியும். போனை ரசீதுக் கட்டின்மேல் சாய்த்து நிறுத்தி வைத்தேன். கீழே பத்து நிமிடம் ஒவ்வொரு நொடியாகக் குறைந்துகொண்டே வந்தது. பச்சை, சிவப்பு இரண்டும் எதிரில் இருந்தன. வாசல் பக்கமும் பார்த்துக்கொண்டேன், அவள் வருகிறாளா என்று. நான் எதையும் தொடவில்லை. பன்னிரண்டு இருபத்துநான்குக்கு அது தானாகவே காலாவதியானது. வங்கியில் கேட்டுப் பாருங்கள், அவர்கள் பதிவிலும் அப்படித்தான் இருக்கும்.

நான் மறுத்தது நான்கு. ஐந்து என்பதை அடித்து, நான்கு என்று திருத்துங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.