ஹாலிஎல பின்வீட்டார் வெளியேறியது குறித்து

பெயர்: கதிரேசு இரகுநாதன். வயது: 66. தொழில்: ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞர். முகவரி: இல. 14, புகையிரத நிலையக் குறுக்கு வீதி, ஹாலிஎல. 2003 நவம்பர் 20 ஆம் திகதி சார்ஜன்ட் தனேஸ்வரன் முன்னிலையில் தமிழில் கூறியதாவது:

நான் மேற்படி முகவரியில் தனியாக வசிக்கிறேன். பிறந்த இடம் யாழ்ப்பாணம். இடமாற்றத்தில் பதுளைக்கு வந்து நாற்பது வருடமாகிறது. மனைவி சரோஜினி ஐந்து வருடங்களுக்கு முன் காலமானார். மகன் கனடாவில் இருக்கிறார். பதுளையில் எல்லோருடனும் நான் இவ்விடத்துப் பேச்சிலேயே பேசுவேன். ஊர்ப் பேச்சு மனைவியுடன் மட்டும்தான். அவர் போன பின் அதைக் கதைக்க ஆளில்லை.

எனது வளவுக்குள், பின்புறத்தில், இரண்டு அறையும் குசினியும் கொண்ட சிறிய வீடொன்று உண்டு. அதை இந்த வருடம் தை மாதம் முதல் ஜெயராசா என்பவருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தேன். அவர் மடுல்சீமைத் தோட்டத்தைச் சேர்ந்தவர். பதுளையில் இரும்புச் சாமான் கடையொன்றில் வேலை செய்கிறார். மனைவி லீலா, சிறு மகள் மேனுஷா ஆகியோரும் அவருடன் இருந்தனர்.

அவர்கள் வருமுன் கூரைத் தகரத்தில் ஆணி அடித்த இடங்களுக்குத் தார் பூசி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, குசினிக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கானை ஆழமாக வெட்டிக் கொடுத்தேன். அதன் பின்பும் மழைக்கு முன் கூரைப் பீலியைத் துப்புரவாக்குவதும் கானில் விழும் மண்ணை அள்ளுவதும் என் பொறுப்பிலேயே இருந்தன. வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் உடையவர் நினைத்த நேரம் நுழையக் கூடாது என்பது என் வழக்கம். ஏதும் பார்க்க வேண்டுமானால் முதல் நாளே சொல்லிவைத்து, மறுநாள் குழாயடியில் நின்று கூப்பிடுவேன். லீலா, "உள்ள வாங்கய்யா, உங்க வீடுதானே" என்பார். "இப்ப இது உங்க வீடும்மா" என்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் அதிகம் பேச்சில்லை. அவர்கள் குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் என் அறைக்குக் கேட்கும். அது எனக்கு இடைஞ்சலென்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

இம்மாதம் 10 ஆம் திகதி, மூன்று நாள் மழைக்குப் பின், கானைப் பார்க்கப் போனேன். குசினிக்குப் பின்னாலிருக்கும் மண்மேட்டின் உச்சியில் நீளமான வெடிப்பு ஒன்று கண்டிருந்தது. மேட்டின் அடியில் ஊறிய தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி வந்தது. அதன் பின் நான் குழாயடியில் நின்று கூப்பிடாமல் பின்கதவால் நேரே உள்ளே போனேன். ஜெயராசா வேலைக்குப் போயிருந்தார். லீலா அடுப்படியில் நின்றார். லீலாவின் அண்ணன் மடுல்சீமையில் மண்சரிவில் இறந்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆதலால் மண் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கெதியா வெளிக்கிடுங்கோ" என்றேன். அவர் அசையாமல் நிற்கவே, கட்டிலடியிலிருந்த பெட்டியையும் சில துணிகளையும் நானே எடுத்து முற்றத்தில் வைத்தேன். என் வீட்டு முன்னறைக்கு அவற்றைக் கொண்டுபோவதே என் எண்ணம். லீலா, "நாங்க என்ன குத்தம் செஞ்சோம் ஐயா?" என்று கேட்டார். "பேந்து கதைப்பம், முதல் வெளிக்கிடுங்கோ" என்று சொல்லிவிட்டு, மேசன் ஹாஷிமை அழைத்துவர ஓடினேன்.

அதன் பின் ஹாஷிமுடன் திரும்பி வந்தபோது பின்வீட்டில் எவரும் இல்லை. என் முன்னறையிலும் இல்லை. பக்கத்து வீட்டு ஸல்மா, "புள்ளையத் தூக்கிக்கிட்டு மழையில அழுதுகிட்டே பஸ்ஸுக்குப் போனாங்க. அப்படி என்னதான் சொன்னீங்க?" என்று கேட்டார்.

அதன் பின் மறுநாள் ஜெயராசா வேலை செய்யும் கடைக்குப் போனேன். அங்கே ஆட்கள் நின்றார்கள். அவர் என்னைக் கண்டதும், "வாங்க வீட்டுக்காரய்யா, பூட்டு வாங்க வந்தீங்களா? சின்னதா, பெருசா?" என்று உரக்கக் கேட்டார். சிலர் சிரித்தனர். எனக்குப் பதற்றமாகிவிட்டது. "ஆக்களுக்கு முன்னால பேசாதேங்கோ தம்பி" என்றேன். எங்கள் ஊரில் அதற்குத் திட்டாதீர்கள் என்று பொருள். அவரோ, "பேசவும் கூடாதா? வாடகைக்கு வந்தா வாயையும் உங்ககிட்டயே குடுத்துடணுமா?" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். அதன் பின் ஹாஷிமைக் கொண்டு மேட்டுக்குக் கல்லணை கட்டத் தொடங்கினேன். இன்றுவரை அந்த மேடு சரியவில்லை. ஆகவே அன்று அபாயம் இருந்ததென்று நான் சொல்வதற்கு ஹாஷிமைத் தவிரச் சாட்சி இல்லை.

இன்று நிலையத்தில் ஜெயராசாவின் முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதில், நான் அத்துமீறி உள்ளே நுழைந்து, பொருட்களை வெளியே போட்டு, அவர் மனைவியைப் பார்த்து "வெளிய கெட" என்று நாய்க்குச் சொல்வது போலச் சொன்னதாக இருந்தது. நுழைந்ததும் பொருட்களை வெளியே வைத்ததும் உண்மை. மற்றதைச் சொன்னதாக எனக்கு ஞாபகம் வரவில்லை. சார்ஜன்ட் மட்டக்களப்பைச் சேர்ந்தவர்; எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்கு விளங்கும். அவர் பேனாவை வைத்துவிட்டு, நான் அன்று சொன்னதை அப்படியே திரும்பச் சொல்லும்படி கேட்டார். சொன்னேன். அதன் பின் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த ஜெயராசாவை உள்ளே அழைத்து, யாழ்ப்பாணத்தில் வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது என்று விளக்கினார்.

ஜெயராசா முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். பின்வீட்டுக்குத் திரும்பி வருவீர்களா என்று கேட்டேன். "நான் சொன்னா லீலாவுக்குப் புரியுங்கய்யா. ஆனா அவ அங்க வந்து இருக்க மாட்டா. அன்னைக்குக் காதுல விழுந்தது அந்த மாதிரி விழுந்துருச்சு" என்றார். எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டேன். "கெளம்புங்கன்னு சொல்லியிருந்தா வந்திருப்பா" என்றார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியாததல்ல. நாற்பது வருடமாக வேலை செய்த கந்தோரிலும் கடையிலும் அதைத்தான் சொல்லி வருகிறேன். அன்று அது வாயில் வரவில்லை.

இவ்வளவும் என் வாயால் சொன்னவை. எனக்கு உரத்து வாசித்துக் காட்டப்பட்டன. இதில் பொய்யில்லை; சேர்க்கவோ நீக்கவோ ஏதுமில்லை என ஏற்று இதன்கீழ் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) க. இரகுநாதன்