ஒரு கரண்டி மருந்து

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, இன்ஸ்பெக்டர் அம்மா. அடியில் காகிதத்தை நாலாக மடித்துச் செருகினால் ஆட்டம் நின்றுவிடும். தப்பாக நினைக்காதீர்கள். முக்கொம்பில் மதகுகளின் பொறுப்பில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன். எது ஆடினாலும் கண்ணில் பட்டுவிடும்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். பிச்சமுத்து, வயது எழுபத்தாறு, ஸ்ரீரங்கம். போன மாதம் துறையூர் ரோட்டில் ரிவால்வர் வெடித்து இறந்துபோன பாலு என் தம்பி. எனக்குப் பதினைந்து வயது இளையவன். நடை பழக்கியதே நான்தான்.

அந்த ரிவால்வர் எங்கள் தாத்தாவுடையது. கஜானா காவலில் இருந்தவருக்கு வெகுமதியாகக் கிடைத்தது. மூன்று தலைமுறையாக லைசென்ஸ் விட்டுப்போனதில்லை. தேர்தல் வந்தால் இதே ஸ்டேஷனில் ஒப்படைப்போம், முடிந்ததும் ரசீதைக் காட்டி வாங்கிப்போவோம். ஏட்டு நல்லதம்பி இருந்தவரை இரண்டு கையாலும்தான் வாங்குவார். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைப்பது மூத்தவனின் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் என் கண்ணுக்கு டாக்டர் சான்றிதழ் தர மறுத்ததால் லைசென்ஸ் பாலு பேருக்குப் போனது. பொட்டு மட்டும் நான்தான் வைத்துவந்தேன்.

அந்த அளவுத் தோட்டா இப்போது கடையில் கிடைப்பதில்லை. சுட்ட தோட்டாக் கூடுகளைச் சேர்த்துவைத்து நானே மறுபடி வெடிமருந்து அடைப்பேன். அதற்கு அனுமதி இல்லை என்று தெரியும். அதைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள், குழப்பம் வராது.

மருந்தைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லா மருந்தும் ஒன்றல்ல. ஒரு வகை அவல் மாதிரி பருமனாக இருக்கும், ஒரு கரண்டி போட்டாலே கூடு முக்கால்வாசி நிரம்பிவிடும். கைதவறி இரண்டாம் கரண்டி போட்டால் வழிந்து மேஜையில் கொட்டி, போட்டவனைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு வகை கசகசா மாதிரி. அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இரண்டு தடவை போட்டாலும் கூடு வாயைத் திறக்காது. அதனால் ஆயுள் முழுக்க நான் பருமனான மருந்தைத்தான் வைத்துக்கொண்டேன். மனிதன் தப்பு செய்வான், மருந்தாவது சத்தம் போட வேண்டும்.

பாலு மனை வியாபாரம் செய்தான். துறையூர் ரோட்டில் புதிதாகப் போட்ட மனைகளுக்குத் தொடக்க விழா வைத்தான். மலைக்கோட்டைக் கடைவீதியில் துணி எடுக்கப் போனபோது நிமிர்ந்து பார்க்கிறேன், ஃபிளெக்ஸில் எங்கள் தாத்தா நிற்கிறார். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார். கையில் ரிவால்வர், அதன் வாயில் தீப்பொறி. ‘தாத்தா துப்பாக்கி முழங்க, மனை விற்பனை ஆரம்பம்’ என்று கீழே கொட்டை எழுத்து.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“என்னடா பாலு இது?”

“அண்ணே, தாத்தா இப்பதான் ஃபேமஸ் ஆகியிருக்காரு. இத்தனை வருஷமா அவரை யாரு கண்டா?”

“கண்ணாடியையாவது எடுத்துடு.”

“அது இருக்கறதுதான்ணே கெத்து. தாத்தாவே ஒண்ணும் சொல்லல, நீங்க ஏன் பொங்குறீங்க?”

அவன் மனைவி ஜோதி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அதை அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். பொய் சொல்கிற பெண் அல்ல.

விழாவில் ஆறு தடவை வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும் என்றான். அந்தக் காரியத்துக்கு என் கையால் தோட்டா அடைக்க மாட்டேன், நீயே அடைத்துக்கொள் என்றேன். சாமான்களை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். மருந்து டப்பாவைத் திறந்தவன், “என்னண்ணே, பொடி மாதிரி இருக்கு?” என்றான்.

“இது வேற மருந்து. இதுக்குன்னு இந்தச் சின்னக் கரண்டி. ஒரு கூட்டுக்கு ஒரு தடவை. ஒரே தடவை.”

இதை மூன்று முறை சொன்னேன். ஜோதி பக்கத்தில்தான் நின்றாள். கரண்டியும் சரியான கரண்டி. வேண்டுமானால் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலுவுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு பழக்கம். வேலை நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் விட்ட இடம் மறந்துவிடும். காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டால் இன்னொரு தடவை போடுவான். “உங்க தம்பிக்குச் சர்க்கரை வியாதி வந்தா அதுக்கு நீங்கதான் காரணம் மாமா, அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுறீங்க” என்று ஜோதி கேலி செய்வாள். வீட்டில் எல்லோரும் சிரிப்போம்.

சனிக்கிழமை மத்தியானம் மாடியறையில் உட்கார்ந்து அடைத்தான். நான் கீழே இருந்தேன். முழங்கால் வலி, படியேற முடியாது. அதனால் போனில் கூப்பிட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்து, விழாவுக்குப் பந்தல்காரன் வந்தானா என்று கேட்டேன். பிறகு மின்விசிறி ஓடுகிறதா என்று. “அண்ணே, நாலு படி ஏறி வந்து பேசுனா என்ன?” என்று சிரித்தான். அரை மணி நேரத்தில் ஆறு முறை கூப்பிட்டிருக்கிறேன். உங்களிடம் போன் பட்டியல் இருக்கும். கூப்பிட்டு விசாரித்ததில் குற்றம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தம்பி சாப்பிட்டானா என்று அண்ணன் கேட்பான்.

ஞாயிறு காலை விழாவில் எங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். வெயில் அடிக்கிறது என்று சொல்லி ஜோதியைக் கடைசி வரிசைக்கு அழைத்துப்போனேன். “மேகமாத்தானே மாமா இருக்கு?” என்றாள். வா என்றேன். மைக்கில் தாத்தாவின் பெயரைச் சொன்னார்கள். பாலு கையைத் தூக்கினான். முதல் தோட்டாவிலேயே முடிந்துவிட்டது. முன்வரிசையில் இருந்தவர்களுக்குச் சிராய்ப்புதான் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

ஃபிளெக்ஸை அன்று மாலையே அவிழ்த்துவிட்டார்கள்.

மீதி ஐந்து தோட்டாக்களைப் பிரித்துப் பார்த்ததில் ஐந்திலும் அளவு சரியாக இருந்தது என்று நீங்கள்தான் ஜோதியிடம் சொன்னீர்களாம். கேட்டதும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆறு தடவை கூப்பிட்டும் ஐந்து தடவை சரியாக நினைவு வைத்திருந்திருக்கிறான். அவனைக் குறைவாக எடைபோட்டுவிட்டேன்.

அத்தோடு நான் வீட்டில் இருந்திருப்பேன். நேற்று ஜோதி உங்கள் அறிக்கையின் நகலைக் கொண்டுவந்து படித்துக் காட்டினாள். ‘முறையான பராமரிப்பு இல்லாத, துருப்பிடித்த பழைய ஆயுதம் என்பதால் நேர்ந்த விபத்து’ என்று முடித்திருக்கிறீர்கள். அம்மா, அந்த ரிவால்வருக்கு வாராவாரம் எண்ணெய் போட்டவன் நான். தோட்டா போடும் உருளையில் துரு இருந்தால் என் கையை வெட்டிக்கொள்கிறேன். எந்த இரும்பும் அந்த மருந்தை இரண்டு பங்கு தாங்காது. தாங்காது என்று தெரிந்துதான் டப்பாவை மாற்றினேன். அவன் எண்ணிக்கையை விட்டுவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். என் தம்பியைக் கொன்றது நான். இப்போது சரியாக எழுதுங்கள், வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஜோதிக்குத் தகவல் சொல்ல ஆள் அனுப்புவீர்கள் இல்லையா? முதலில் துரு இல்லை என்பதைச் சொல்லச் சொல்லுங்கள். அந்தச் சொல்லைப் படித்ததிலிருந்து அவள் அழுதுகொண்டிருக்கிறாள்.